கடைசி பெஞ்சுக்குப் போன தாள்

ஷட்டரைப் பாதி தூக்கியதுமே காற்றாடிச் சத்தம் கேட்டது. மேசைக்கடியில் கிடந்த பழைய கம்ப்யூட்டரின் காற்றாடி. முந்தின நாள் சாயங்காலம் மழையோடு போன கரண்ட் விடிகாலையில் வந்திருக்கிறது, அதுவும் தானாக எழும்பியிருக்கிறது என்று புரிந்தது. கரண்ட் வந்தால் தானாக எழும்பும்படி அதைப் பழக்கியவனே நான்தான். அதனால் முதலில் சந்தோஷம்தான் வந்தது.

பிறகு பிரிண்டரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. தாள் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

தாள் தீர்ந்திருக்க நியாயமில்லை. கிறிஸ்தவ சபையின் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைத் தாள் மட்டும்தான் பாக்கி. நான் சனிக்கிழமை மத்தியானம் தட்டு நிறையத் தாள் வைத்திருந்தேன். வெளித்தட்டில் ஒரே ஒரு தாள் குப்புறக் கிடந்தது. கடைசியாக வந்தது. தொட்டபோது ஆறிப்போயிருந்தது. திருப்பினேன்.

‘ஞானமுத்து ஆசிரியர் அவர்களின் வாழ்க்கைக் குறிப்பு’ என்று இருந்தது. கீழே, ‘அன்பு மனைவியையும் ஒரே மகனையும் விட்டுச் சென்றார்.’

ஞானமுத்து வாத்தியார் அப்போது சாகவில்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளி, சபைக்குக் கீழே உள்ள வீட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

உடைத்துப் படித்தது

சென்ற வாரம் ஐஸ் பிளாண்டில் விரல் விறைத்த கதையை எழுதியதும், இத்தனை வேலை பார்த்தவனுக்குக் கம்ப்யூட்டர் எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டிருந்தார். உடைத்துத்தான்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பெங்களூரில் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரிக்கும் ஒரு கிடங்கில் இரண்டு வருடம் கிடந்தேன். பலகையிலிருந்து செம்பைத் தனியாக, பிளாஸ்டிக்கைத் தனியாக எடுக்க வேண்டும். அமில மருந்தில் முக்கி எடுப்பதால் இடதுகைப் பெருவிரலில் ரேகை போய்விட்டது. கீபோர்டு நிரப்பிய சாக்குகளின் மேல்தான் படுக்கை. புரண்டால் எழுத்துகள் முதுகில் குத்தும்.

அங்கே ஒருநாள் உடைக்க வந்த பெட்டியை விளையாட்டாகக் கரண்டில் மாட்டிப் பார்த்தோம். ஓடியது. யாரோ ஒரு குடும்பத்தின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிறந்தநாள் கேக், ஒரு கிழவர், மொட்டை போட்ட குழந்தை. எடைக்குப் போட்டவர்கள் எதையும் அழிக்காமல் போட்டிருந்தார்கள். கூட வேலை பார்த்தவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருமுறை உள்ளே போட்டதை இந்தப் பெட்டிகள் வெளியே தராமல் விடாது என்ற பயம் அன்றைக்கே எனக்குள் ஏறிவிட்டது. அந்தப் பயத்தை அருமனைக்கு வந்த பிறகும் நான் கொஞ்சம் காப்பாற்றி வைத்திருந்திருக்கலாம்.

மேசைக்கடியில் ஒரு வேலைக்காரன்

அருமனையில் ரெஜினா அக்காளின் அச்சுக்கடைக்கு நான் வந்தது ஓடாத மின்விசிறி ஒன்றைச் சரிசெய்ய. மூன்று வருடம் ஆகிவிட்டது. என் கணக்கில் அது ஒரு ஆயுள். எங்கேயும் அவ்வளவு நாள் தங்கியதில்லை.

கடையில் மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். பிரிண்டர் அக்காளின் கம்ப்யூட்டரோடு மட்டும் சேர்ந்தது. தட்டச்சு செய்யும் இரண்டு பெண்களும் ஒவ்வொரு தாளுக்கும் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு வந்து அக்காளை எழுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை எழும்பி உட்கார்ந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

“ஏட்டி, எனக்க முட்டு தேஞ்சாச்சு” என்று அக்கா கத்துவாள். “ஒண்ணு நீங்க இங்கோட்டு வந்து இரிங்க, இல்லைன்னா பிரிண்டர அங்கோட்டு தூக்கிட்டுப் போங்க!”

பின்கட்டில் அக்காளின் மகளுடைய பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. நர்சிங் படிக்கும்போது வாங்கியது. அவள் வெளிநாட்டுக்குப் போன பிறகு அதன்மேல் புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட் அடுக்கியிருந்தார்கள். திறந்தபோது புகை வாடை அடித்தது. உள்ளே மூன்று பல்லி முட்டைகள்.

“இத வச்சி என்ன செய்யப் போற மக்கா?”

“பிரிண்டருக்கு ஒரு வேலைக்காரன் அக்கா. மூணு பேரும் அவனுட்ட குடுத்தா மதி, வேற ஒண்ணும் வேண்டாம். அவன் வரிசையா வாங்கி வச்சு, ஒண்ணொண்ணா அடிப்பான்.”

“சம்பளம்?”

“கரண்டு மட்டும்.”

“உன்ன விட லாபமாக்கும்” என்றாள் அக்கா.

தூசி தட்டி, நினைவகச் சில்லை அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினேன். மூன்றாவது தடவைதான் ஒழுங்காக ஏறியது. ஆங்கிலத்தில் வருவதில் பாதி எனக்குப் புரியாது. ஒரு தாளில் எழுதி வைத்து, பார்த்துப் பார்த்து அடித்தேன். திரையும் கீபோர்டும் அதற்கு வேண்டாம் என்று பிடுங்கிவிட்டேன். மேசைக்கடியில் தள்ளி, ஒரு கேபிள் பிரிண்டருக்கு, இன்னொன்று மற்ற கம்ப்யூட்டர்களுக்கு. முதல் தாள் வந்தபோது அந்த இரண்டு பெண்களும் கைதட்டினார்கள்.

ஒரு தொந்தரவு மட்டும் இருந்தது. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் பிரிண்டர் ‘நின்றுவிட்டது’ என்று அடம்பிடிக்கும். வரிசையில் இருப்பவை அப்படியே கிடக்கும். ஒவ்வொரு முறையும் நான் போய் விடுவிக்க வேண்டும். சலித்துப்போய், அது எழும்பும்போதே தானாகச் செய்யட்டும் என்று ஒரு வரி எழுதி வைத்தேன். காத்து நிற்பது எதுவானாலும் விட்டுவிடு. அவ்வளவுதான் அந்த வரி.

அக்காளின் சட்டம்

எங்கள் பக்கத்துச் சபைகளில் அடக்க ஆராதனைக்கு ஒரு தாள் அடிப்பார்கள். முன்பக்கம் படம், நாள், நேரம். உள்தாளில் பாட்டுகள், ஜெபம், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் வேண்டும். அதனால் ஆள் படுக்கையில் இருக்கும்போதே வீட்டார் மெதுவாக வந்து உள்தாளுக்கான விவரத்தைக் கொடுத்துவிட்டுப் போவது உண்டு. வருகிறவர்கள் கதவுக்கு வெளியிலேயே நிற்பார்கள். குரல் தாழ்ந்திருக்கும். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை.

ஆனால் அக்காளுக்கு ஒரு சட்டம் இருந்தது. தட்டச்சு செய்யலாம், திரையில் காட்டித் திருத்தம் வாங்கலாம். உயிர் போகாமல் தாளில் ஏற்றக் கூடாது. ஒரு பிரதிகூடக் கூடாது.

“ஒரு தடவ, படுக்கையில கிடந்த ஒரு அம்மைக்கு அடிச்சேன்” என்று சொல்லியிருக்கிறாள். “அந்த அம்மைக்கு நல்லா சொகமாயிட்டு வந்துச்சு. கஞ்சியெல்லாம் குடிச்சிச்சு. வேலை குறையட்டுமேன்னு நான் திங்களாச்ச அடிச்சு வச்சேன். செவ்வாச்ச போயிட்டு. டாக்டர் வேற காரணம் சொன்னாரு. எனக்க மனசு அதக் கேக்கல்ல.”

ஞானமுத்து வாத்தியாரின் மகன் ஜெபசிங் வந்தது வியாழக்கிழமை. கல்ஃபிலிருந்து விடுப்பில் வந்தவன். ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். எழுதிக்கொண்டு வந்த தாளை அக்காளிடம் கொடுத்தான்.

“அம்மைக்கு ஒண்ணும் தெரியாது அக்கா. அப்பா எழும்பி நடப்பாருன்னு இருக்கா. நான் இத தந்தது தெரிஞ்சா தாங்க மாட்டா. பின்ன எனக்க மொகத்துல முழிக்கவும் மாட்டா.”

“வெளிய போவாது” என்றாள் அக்கா.

சனிக்கிழமை அக்கா ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போக வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்துச் செய்தி வந்தால்? அவளுடைய பக்கங்களைத் திறந்து அடிக்க எனக்குத் தெரியாது. நான்தான் யோசனை சொன்னேன். இப்போதே அச்சுக்கு அனுப்பிவிடுங்கள், நம் வேலைக்காரன் வாங்கி நிறுத்தி வைப்பான், செய்தி வந்தால் நான் விடுவித்துவிடுகிறேன்.

“தாளுல ஏறாதே?”

“நான் சொல்லாம ஏறாது அக்கா.”

சொன்னேன். அந்த ஒரு வரி என் நினைவில் வரவே இல்லை.

மூன்று கிலோமீட்டர்

“அக்கா!”

கடைக்குப் பின்னால்தான் வீடு. தலை துவட்டிக்கொண்டு வந்தாள். நான் தாளைக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்து வாசித்தாள். துண்டு தரையில் விழுந்தது.

“இது எப்பிடில வந்தது?”

“தட்டுல இருந்த தாளெல்லாம் எங்க?”

“தாசையன் வந்தான், ஆறரைக்கு. நீ வந்து அடிச்சு வச்சிட்டுப் போனன்னு நெனச்சேன். அப்படியே எடுத்து, திருப்பிப் பாத்தேன், மேல ஆராதனைத் தாளுதான் இருந்துச்சு. பேப்பர்ல பொதிஞ்சு குடுத்தாச்சு.”

தாசையன் சபையில் மணி அடிப்பவன், பெஞ்சு துடைப்பவன். எங்கள் பிரிண்டர் தாளைக் குப்புறத் தள்ளும். கட்டைத் திருப்பினால் முதலில் அடித்தது மேலே வரும். நிறுத்தி வைக்காத வேலை என்பதால் முதலில் ஆராதனைத் தாள். அதற்குக் கீழே, தட்டில் தாள் தீரும்வரை, வாத்தியாரின் வாழ்க்கைக் குறிப்பு.

கரண்ட் போனதும் ஆராதனைத் தாள் வரிசையிலேயே நின்றுவிட்டதால், காலை ஆறரைக்கு வந்து அடித்துக் கொடுப்பதாக நான்தான் தாசையனிடம் சொல்லியிருந்தேன். மழைக் குளிரில் தூங்கிவிட்டேன்.

தாசையனுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தான். மணி ஏழே முக்கால் தாண்டியிருந்தது. ஆராதனை எட்டரைக்கு.

“அந்த அம்மை ஒரு ஞாயிறும் சபைக்கு வராம முடங்க மாட்டா” என்றாள் அக்கா. வாத்தியாரின் மனைவி ரோஸ்பாய் அம்மாளைச் சொன்னாள். “போ மக்கா. எனக்க ஸ்கூட்டர எடு.”

போகும் முன் பழைய கம்ப்யூட்டரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். காற்றாடி நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. யாராவது ஒரு கட்டுத் தாள் வைத்திருந்தால் மீதியையும் அடித்து முடித்திருக்கும்.

நான் நிறையப் பயந்திருக்கிறேன். ராஜாக்கமங்கலத்தில் வள்ளம் கவிழ்ந்து ஒரு மணி நேரம் கடலில் கிடந்திருக்கிறேன். அங்கே பயம் என்னைப் பற்றியது. கைகாலை அடித்தால் கொஞ்சம் குறையும். இந்தப் பயம் வேறொருத்தியுடையது, அவளுக்கே தெரியாமல் நான் அவளுக்காகச் சுமந்துகொண்டு போனேன். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ரோடு நனைந்து கிடந்தது. வளைவில் ஸ்கூட்டர் ஒருமுறை வழுக்கியது.

இன்னொன்றும் உள்ளே ஓடியது. திங்களாச்ச அடிச்சேன், செவ்வாச்ச போயிட்டு என்று அக்கா சொன்னது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டேதான் போனேன். ஆனாலும் வாத்தியாரின் வீட்டு முன்னால் வேகத்தைக் குறைத்தேன். வாசலில் செருப்புகள் குவிந்திருக்கவில்லை. நாற்காலிகள் போடவில்லை. உள்ளே யாரோ நீளமாக இருமினார்கள். அந்த இருமலைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கடைசி பெஞ்சு

நான் போனபோது தாசையன் இரண்டாம் மணியின் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான்.

“தாளு எங்க?”

“பெஞ்சுல வச்சாச்சே. ஓய், என்ன இப்பிடி வேர்க்கு?”

“எல்லாமுமா?”

“மேல இருந்து எடுத்து எடுத்து வச்சேன். மிச்சம் அலமாரில இருக்கு.”

அலமாரியில் கட்டு இருந்தது. புரட்டினேன். முழுக்க வாத்தியார்தான். சட்டைக்குள் திணித்துக்கொண்டேன்.

“கடைசியா எந்தப் பெஞ்சுல வச்ச?”

“பொம்பளைங்க பக்கம். வாசலோரத்துக் கடைசி பெஞ்சு.”

ஜன்னல் வழியே பார்த்தேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் கையில் ஆராதனைத் தாள்தான். நடுவிலும் அதுதான். கடைசி பெஞ்சில் ஒரே ஒரு ஆள். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு.

“ரோஸ்பாய் அம்மை முன்னாலதான இருப்பா?”

“இப்பம் ஒரு மாசமாட்டு பின்னாலதான். வாத்தியார படுக்கையில திருப்பிப் போடணும்லா? பாதியில எழும்பிப் போவா. வழியில ஆளுவளுக்க காலு தட்டக் கூடாதுன்னு அங்க இருக்கா.”

அந்தப் பெஞ்சில் நான்கைந்து தாள்கள் வரிசையாகக் கிடந்தன. அவள் பக்கத்தில் தாள் இருந்திருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. வேதப்புத்தகம் மடியில். அதன் நடுவிலிருந்து ஒரு வெள்ளை முனை நீட்டிக்கொண்டிருந்தது.

பாட்டு தொடங்கியது. எல்லோரும் எழுந்தார்கள். அந்தச் சத்தத்தில் நுழைந்து, குனிந்து, பெஞ்சில் கிடந்த மற்ற தாள்களைப் பொறுக்கினேன். அவள் திரும்பவில்லை. பாடவும் இல்லை. நான் வெளியே வந்து செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். ஓடிப்போக நினைத்தேன். இதுவரை எத்தனையோ ஊரிலிருந்து அப்படித்தான் போயிருக்கிறேன். சட்டைக்குள் அந்தக் கட்டு வயிற்றோடு ஒட்டி ஈரமாகிக்கொண்டிருந்தது. கால் நகரவில்லை.

முதல் பாடம் வாசித்து முடித்ததும் அவள் வெளியே வந்தாள். குடையை விரித்தாள். என்னைக் கண்டு நின்றாள்.

“ரெஜினாவுக்க கடையில நிக்கியது நீதானே?”

தலையாட்டினேன்.

“ஜெபசிங்கு தந்ததா?”

சட்டைக்குள் இருந்த கட்டைக் கையால் மறைத்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

“எனக்குத் தெரியாதுன்னு இருக்கான்” என்றாள். “ராத்திரியும் பகலும் பக்கத்துல கிடக்கிய எனக்குத் தெரியாமலா இருக்கும்? அவன் பயந்துரக் கூடாதேன்னு நானும் சிரிச்சிட்டு நடக்கேன்.”

வேதப்புத்தகத்திலிருந்து தாளை எடுத்தாள். மடக்கியிருந்ததை நிமிர்த்தி, குடைக்குள் பிடித்துக்கொண்டாள்.

“மக்களே, இதுல ரெண்டாவது பாட்டு வேண்டாம். அது அவருக்குப் பிடிக்காது. இழுத்து இழுத்துப் பாடுவினும். அவருக்கு உடனே இருமல் வந்துரும், எழும்பி வெளிய போயிருவாரு. நாப்பது வருசமாட்டு எனக்குத் தெரியும், அது கள்ள இருமலாக்கும்.”

அவள் உதடு சிரிப்பதற்குப் போய், பாதியில் நின்றது. வேறொரு பாட்டின் எண்ணைச் சொன்னாள். என்னிடம் எழுதப் பேனா இல்லை. மனதில் போட்டுக்கொண்டேன்.

“பிறந்த ஊரு இஞ்சன்னு போட்டிருக்கான். பிறந்தது சுசீந்திரத்துக்கு அந்தப் பக்கம், அவருக்க அம்மைக்க வீட்டுல. இவனுக்கு அதெல்லாம் எங்க தெரியும்?” கொஞ்சம் நிறுத்தினாள். “பின்ன இஞ்ச பாரு. ‘அன்பு மனைவி’ன்னு கிடக்கு. எனக்குப் பேரு உண்டும். ரோஸ்பாய்.”

“மாத்துகேன் அம்மா. மன்னிக்கணும், கரண்டு வந்து தானாட்டு…”

“கரண்டு என்னத்தையும் செய்யட்டு. நான் கண்டேன்னு அவனுட்ட பறயாண்டாம். கேட்டியா? அவன் தாங்க மாட்டான்.”

“அந்தத் தாளு?”

நான் கையை நீட்டியிருந்தேன். அவள் கொடுக்கவில்லை. மறுபடி மடக்கி வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள். மழைத் தண்ணீர் ஓடும் சரிவில் ஒதுங்கி ஒதுங்கி இறங்கிப் போனாள். வாத்தியாரைத் திருப்பிப் போடும் நேரம் ஆகியிருந்தது.

அழித்த வரி

கட்டு முழுவதையும் அக்கா அடுப்பில் போட்டாள். அது எரிந்து முடிவதற்குள் ரோஸ்பாய் அம்மாள் சொன்னதை அவளிடம் சொன்னேன். பிறகு அக்கா தன் கம்ப்யூட்டரில் அந்த மூன்று இடங்களையும் திருத்தினாள். திரையில்தான். நான் பழைய கம்ப்யூட்டருக்குத் திரையும் கீபோர்டும் மாட்டி, வரிசையில் மிச்சம் நின்றதை நீக்கி, அந்த ஒரு வரியைத் தேடி அழித்தேன். அன்றைக்கு அக்கா என்னைப் போகச் சொல்லியிருந்தால் போயிருப்பேன். அவள் சொன்னது, “இனி கரண்டு வந்தா நீயே வந்து எழுப்பு” என்பது மட்டும்.

வாத்தியார் பிறகும் பதினொரு நாள் இருந்தார். ஒவ்வொரு நாளும் காலையில் அந்த வீட்டைத் தாண்டித்தான் போனேன், வழி வேறாக இருந்தும். இருமல் கேட்கும். போய்க் கடையைத் திறப்பேன். பன்னிரண்டாம் நாள் கேட்கவில்லை.

ஜெபசிங் கடைக்கு வந்து உள்தாளை நின்றபடியே வாசித்தான். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஓர் இடத்தில் நின்றது.

“அம்மைக்க பேரு நான் எழுதித் தரல்லியே?”

“பேரு இல்லாம எப்பிடிடே அடிக்க?” என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் தலையாட்டினான். ஊரையும் பாட்டையும் அவன் கவனிக்கவில்லையோ, கவனித்தும் கேட்கவில்லையோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடக்கத்துக்கு நானும் போனேன். ரோஸ்பாய் அம்மாள் இந்தத் தடவை முன்வரிசையில் இருந்தாள், பக்கத்தில் ஜெபசிங். தாசையன் கொடுத்த தாளை அவள் பார்க்கவே இல்லை. மடக்கி வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள். இரண்டாவது பாட்டு தொடங்கியதும் எழுந்தாள். நல்ல வேகமான பாட்டு. அவளுடைய குரல் எனக்குத் தனியாகக் கேட்டது.

ஜெபசிங் தன் தாளை எங்கோ தவற விட்டிருந்தான். வரிகள் தெரியாமல் அம்மாவின் வேதப்புத்தகத்தைப் பார்த்துக் கையை நீட்டினான். அதன் விளிம்பில் இரண்டு வெள்ளை முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

அவள் பாட்டை நிறுத்தாமல், புதிய தாளை மட்டும் உருவி அவனிடம் கொடுத்தாள். மற்றதைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்தினாள். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து இறங்கும்வரை அந்த விரலை எடுக்கவில்லை.